மழை தாங்காத பட்டு மலை

செம்புக்கல் விளையும் குடமலை நாட்டை முன்னொரு காலத்தில் செங்கணான் என்றொரு ராஜா ஆண்டார். நல்லவர்தான். ஆனால் அழகான எதைக் கண்டாலும் மயங்கிவிடுவார். நாட்டு மலைகளைப் படமாக எழுதும்படி அவர் சொன்னதும், சித்திரக்காரர் விடங்கர் அரண்மனைப் படி இறங்காமலே பட்டில் ஒன்று வரைந்து கொடுத்தார்.

ஒரு நாள் பெருங்குழிச் சுரங்கத்தின் வாய் சரிந்து பதினொரு பேர் உள்ளே அகப்பட்டார்கள். அங்கே தோண்டத் தோண்ட மண் சரிந்தது. வேறெங்கே தோண்டலாம் என்று ராஜா பட்டுப்படத்தை விரித்தார். அப்போது கல் சுமக்கும் சடைச்சி என்ற பெண், ஒரு முறத்தில் களிமண்ணால் செய்த நாட்டு மலைகளோடு சபைக்கு வந்தாள். அவள் புருஷனும் சுரங்கத்துக்குள்ளே இருந்தான். சுரங்க மலையின் வடக்கு அடிவாரத்தில் தோண்டச் சொல்லிக் கெஞ்சினாள்.

விடங்கருக்குப் பொறுக்கவில்லை. அடிவாரத்துக்கும் குழிக்கும் நடுவே மூன்று சிகரங்கள் இருப்பதாகத் தன் படத்தைக் காட்டினார். ராஜா தடுமாறி, எது மெய்யென்று இங்கேயே நிரூபிக்க முடியுமா என்று கேட்டார்.

சடைச்சி ஒரு செம்புத் தண்ணீர் வாங்கினாள். "ரெண்டு மலை மேலயும் மழை பெய்யட்டும், மகாராசா."

விடங்கர் பட்டை வாரி அணைத்துக்கொண்டார். "நனைந்தால் சாயம் போய்விடும், மன்னா."

"ஒரு மழைக்கே கரையுற மலையை நம்பியா ஐயா ஆள் உயிரை விடச் சொல்றீங்க?"

சடைச்சி களிமண் மலையிலிருந்த குழியில் தண்ணீர் ஊற்றினாள். உள்ளே பதித்திருந்த நாணல் வழியாக அது வடக்கு அடிவாரத்தில் வழிந்தது. மழைக்குப் பிறகு அந்த அடிவாரத்து ஊற்றில் தண்ணீர் பச்சையாக வருவதையும், அது குழியிலிருந்து செம்பு கரைந்து வரும் தண்ணீர்தான் என்பதையும், அதனால் அங்கிருந்து உள்ளே வெடிப்பு இருக்க வேண்டும் என்பதையும் விளக்கினாள். மூன்று சிகரங்களையும் அழகுக்காகச் சேர்த்ததாக விடங்கர் ஒப்புக்கொண்டார்.

ஊற்றடியில் தோண்டினார்கள். மறுநாள் சாயங்காலம் பதினொரு பேரும் உயிரோடு வந்தார்கள். ராஜா சேற்றில் இறங்கி ஒவ்வொருவரையும் கைப்பிடித்து ஏற்றினார். கடைசியாக வந்த புருஷனின் முகத்தைச் சடைச்சி முந்தானையால் துடைத்தாள்.

என்ன பரிசு வேண்டும் என்று ராஜா கேட்டார். அந்தக் களிமண் மலைகள் தனக்கு மட்டும் தெரிந்தவை அல்ல, கல் சுமக்கும் நாற்பது பெண்கள் அவரவர் நடந்த சரிவைச் சொன்னதால் செய்தவை என்றாள். ராஜா நாற்பது பேரையும் அழைத்து, சபையில் உட்காரவைத்து, தான் நின்றபடி கைகூப்பினார்.

"நான் பட்டுத்துணியை ஆண்டுகொண்டிருந்தேன். நாட்டைக் காட்டியது நீங்கள்."

நாடு முழுவதையும் களிமண்ணில் வடிக்கும் வேலை சடைச்சிக்கு. மண்கூடை சுமக்கும் வேலை விடங்கருக்கு. ஆறாவது மலை ஏறும்போது அவர் மூச்சு வாங்க நின்று, இது படத்தில் இல்லையே என்றாராம்.

"இனிமே இருக்கும் ஐயா. மண்ணை எடுங்க" என்றாளாம் சடைச்சி.