முதல் நான்கு நிமிடம்

"அழ வேண்டிய இடத்துல சிரிக்கிறாங்க மேடம்" என்றார் மாசிலாமணி.

"எத்தனை பேர்?" என்று பெனிட்டா கேட்டாள்.

"எல்லாரும். தயாரிப்பாளர் உட்பட."

மாசிலாமணிக்கு நாற்பத்தொன்பது வயது. பத்தொன்பது வருடம் தொலைக்காட்சித் தொடர்கள் இயக்கியவர். இது அவருடைய முதல் படம். படத்தைத் தொகுத்தவர் வேறொரு படத்துக்குப் போய்விட்டார்.

பெனிட்டாவுக்கு முப்பத்து மூன்று. சாலிகிராமத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே அவளுடைய எடிட்டிங் அறை. படம் எங்கேயோ இடறுகிறது, எங்கே என்று தெரியவில்லை என்பவர்கள் அந்தப் படியேறி வருவார்கள். சிலர் தெளிந்து இறங்குவார்கள். சிலர் திட்டிக்கொண்டே இறங்குவார்கள்.

"கதையைச் சொல்லுங்க சார்."

"ஒரு அப்பா. காலேஜ்ல படிக்கிற பையன். சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு பேரும் ஒரே பஸ்ல ஊருக்குப் போவாங்க. ஒரு வாரம் பையன் வரல. அப்புறம் எந்த வாரமும் வரல. கடைசியில, பையன் இறந்துட்டான்னு அப்பாவுக்குத் தெரியுது. அன்னிக்கும் அதே பஸ்ல ஏறுறார். பையனுக்குக் கட்டிட்டு வந்த டிபன் பாக்ஸைத் திறக்கிறார். அவரே சாப்பிடுறார். ஒரு வார்த்தை பேசல."

"அங்கயா சிரிச்சாங்க?"

"அங்கதான்."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை விநியோகஸ்தர்களுக்கு மறுபடியும் போட்டுக் காட்டுறோம். ஒருத்தர் சிரிச்சாலும் அந்தக் காட்சியைத் தூக்கிடுவேன்னு தயாரிப்பாளர் சொல்லிட்டார். அந்த ஒரு காட்சிக்காகத்தான் மேடம் நான் இந்தப் படத்தையே எடுத்தேன். அதைக் கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க."

"அதை மட்டும் போடுங்க."

போட்டார். அவள் பார்த்தாள். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள்.

"இதுல சரிபண்ண ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன் சிரிக்கிறாங்க?"

"டீ சாப்பிடுறீங்களா சார்?"

உள்ளே போனவள் எவர்சில்வர் டம்ளரோடு வந்தாள். மாசிலாமணி பேச்சு மும்முரத்தில் வாங்கி ஒரு வாய் நிறைய ஊற்றிக்கொண்டார்.

புரையேறியது. பாதி சட்டையில் சிந்தியது.

"என்ன மேடம் இது?"

"ரசம்."

"கெட்டுப்போச்சு."

"இன்னொரு வாய் குடிச்சுப் பாருங்க."

தயங்கிக் குடித்தார். மிளகு, பூண்டு, கொஞ்சம் கொத்தமல்லி. மீதியையும் குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு."

"முதல்லயும் இதே ரசம்தான் சார்."

மாசிலாமணி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல் கடையில் மிஷின் ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

"என் படம் கல்யாணப் பாட்டுல ஆரம்பிக்குது" என்றார் மெதுவாக.

அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அப்பாவா நடிக்கிற நம்ம கதாநாயகன் பந்தியில உட்கார்ந்து பக்கத்து இலையில இருக்கிறதையெல்லாம் எடுத்து எடுத்துச் சாப்பிடுவார். அவர் காமெடி நடிகர் இல்லையா, ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. தயாரிப்பாளர்தான் சேர்க்கச் சொன்னார். முதல் காட்சி மங்களமா இருக்கணும், அழுகையோ, இல்லைங்கிற பேச்சோ வரக்கூடாதுன்னு. அவருக்கு மட்டும் இல்ல, இங்க முக்கால்வாசிப் பேருக்கு அந்த நம்பிக்கை."

"ம்."

"அவர் வாயில சோறு வெச்சாலே சிரிக்கணும்னு நானே சொல்லிக் குடுத்துட்டேன்."

அவர் எழுந்து போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை புதிய தொடக்கத்தோடு வந்தார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

மழை. அணையும் விளக்கு. ஒற்றை நாதஸ்வரம். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம். காலியான நாற்காலி ஒன்றின் மேல் காய்ந்த மாலை.

இரண்டாவது நிமிடத்தில் பெனிட்டா நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"நான் அழுது முடிச்சுட்டேன்."

"நல்லதுதானே மேடம்?"

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே சார்."

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டால் குரல் உயராது. மூச்சுதான் சத்தமாக வரும்.

"கல்யாணம் வெச்சா தப்பு. சாவு வெச்சா தப்பு. பின்ன எப்படித்தான் ஆரம்பிக்கிறது? தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

"நாளைக்குக் காலை ஷோவுக்கு வர்றீங்களா?"

"என்ன படம்?"

"எந்தப் படமா இருந்தா என்ன."

புதன்கிழமை வடபழனியில் ஒரு தியேட்டர். அறுபது, எழுபது பேர் இருந்தார்கள். பெனிட்டா அவரை முதல் வரிசைக்கும் முன்னால் அழைத்துப் போனாள். ஓரமாக, வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில், திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவரையும் அப்படியே நிற்கச் சொன்னாள்.

டார்ச் வைத்திருந்தவர் ஓடி வந்தார்.

"திரை அந்தப் பக்கம் சார்."

"தெரியும்ணே. நாலு நிமிஷம்தான்" என்றாள் பெனிட்டா.

"காசு குடுத்துட்டு ஜனங்க மூஞ்சியப் பார்க்கிறீங்களே" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போனார்.

விளக்கு அணைந்தது. புகைபிடிப்பது பற்றிய எச்சரிக்கை ஓடியது. யாரும் கேட்கவில்லை. ஒருவர் செல்போன் வெளிச்சத்தில் இருக்கை எண்ணைத் தேடினார். ஒரு பெண் வண்டியை நிறுத்திய சீட்டு எங்கே என்று கணவனைக் கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. வரும் வழியில் ஏதோ நடந்திருக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் இருந்த கைப்பிடியில் யார் கையும் இல்லை.

மாசிலாமணிக்குப் பின்னால் படம் தொடங்கியது. மோட்டார் சைக்கிள் சத்தம். பறை. ஒரு கால் தரையில் ஊன்றும் ஓசை.

விசில் பறந்தது. கதாநாயகன் வந்துவிட்டான் என்று திரும்பாமலே தெரிந்தது.

பிறகு அவர் ஒன்றைக் கவனித்தார். விசிலடித்தவன் கையைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு சாய்ந்தான். பக்கத்து ஆள் கால்மேல் கால் போட்டார். கணவன் பாப்கார்னை மனைவி பக்கம் நீட்டினான். அவளும் எடுத்துக்கொண்டு சாய்ந்தாள். வரிசை வரிசையாக எல்லோரும் ஒரே மாதிரி சாய்ந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அசையவில்லை.

வெளியே வந்ததும் பெனிட்டா கேட்டாள்.

"என்ன பார்த்தீங்க?"

"உட்கார்ந்தாங்க."

"முன்னாடியே உட்கார்ந்துதானே இருந்தாங்க?"

"இல்ல மேடம். நாலாவது நிமிஷத்துலதான் உட்கார்ந்தாங்க."

"எப்படி?"

நடைபாதையில், ஒரு இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், அவர் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துச் சாய்ந்து காட்டினார். இளநீர்க்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"உங்க படத்துல அப்பா டிபன் பாக்ஸைத் திறக்கிறப்போ அவங்க எப்படி உட்கார்ந்திருக்கணும்?"

அவர் கைகளைக் கீழே இறக்கினார். அவள் இரண்டு இளநீர் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை, படத்துக்காக எடுத்த எல்லாவற்றையும் பெனிட்டா கொண்டுவரச் சொன்னாள். சேர்த்தது, சேர்க்காதது, எல்லாம். ஒலியை அணைத்துவிட்டு வரிசையாக ஓடவிட்டாள். அவளுடைய நாற்காலி திரையைப் பார்த்து இல்லை. அவரைப் பார்த்து இருந்தது.

"என்னை ஏன் பார்க்கிறீங்க?"

"நீங்க படத்தைப் பாருங்க சார்."

பாட்டு ஓடியது. சண்டை ஓடியது. கல்லூரி வாசல், மருத்துவமனை நடை, மறுபடி பாட்டு. மாசிலாமணி தான் எடுத்ததைத் தானே சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கரன்கோவில் பேருந்து நிலையம் வந்தது. படத்தில் நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில், இரண்டு பாட்டுக்கு நடுவே நிரப்புவதற்காக வைத்திருந்த காட்சி.

நிற்காத பேருந்தோடு அப்பா ஓடுகிறார். ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இரண்டு பேர் இருக்கையில் இடம் பிடிக்கிறார். ஏறி, ஒன்றில் உட்கார்கிறார். ஜன்னலோர இடத்தில் துண்டை விரித்து வைக்கிறார். கூட்டம் ஏறுகிறது. ஒருவர் துண்டைக் காட்டி ஏதோ கேட்கிறார். அப்பா தலையாட்டுகிறார். இன்னொருவர் கேட்கிறார். அதற்கும் தலையாட்டுகிறார். பேருந்து புறப்படுகிறது. நிற்பவர்கள் அவரை முறைக்கிறார்கள். அவர் துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்க்கிறார். பையன் வரவில்லை. அவன் இடத்தில் துண்டு ஊருக்குப் போகிறது.

"இதுல நிறுத்திட்டீங்களா?" என்றார் மாசிலாமணி. காட்சி முடிந்து திரை கறுப்பாகியிருந்தது.

"நான் நிறுத்தல. அது அவ்வளவுதான்."

"அப்படியா?"

"சார், உங்க நாற்காலியைப் பாருங்க."

அவர் நாற்காலியின் நுனியில் இருந்தார். இரண்டு முழங்கைகளும் மேசைமேல் இருந்தன.

அன்று மாலை மாசிலாமணி தயாரிப்பாளர் கோட்டைச்சாமியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"கல்யாணப் பாட்டை எடுத்துட்டேன் சார்."

"யாரைக் கேட்டு எடுத்த? முதல் வார்த்தை என்ன வருது?"

"ஒரு பிரயாணி 'ஆள் வருதா?'ன்னு கேட்பார். அப்பா 'வருது'ம்பார்."

மறுமுனையில் வெற்றிலையைத் துப்பும் சத்தம் கேட்டது.

"வருதுன்னா நல்ல சகுனம்தான்யா. இருக்கட்டும். ஆனா கடைசிக் காட்சியில மறுபடி ஒருத்தன் சிரிச்சான்னா, சொன்னது சொன்னதுதான். போன தடவை என் படத்தைப் பார்த்து நானே சிரிச்சுட்டேன். எவ்வளவு கேவலம் அது."

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணி. சின்ன பிரிவியூ தியேட்டர், முப்பது இருக்கை. மாசிலாமணி முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பெனிட்டா ஓரத்தில் நின்றாள்.

கோட்டைச்சாமி வெற்றிலையை மென்றுகொண்டே மூன்றாவது வரிசையில் அமர்ந்தார்.

"என்ன மாசி, குறி சொல்லப் போறியா? எங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்க?"

விநியோகஸ்தர்கள் சிரித்தார்கள்.

விளக்கு அணைந்தது. பேருந்தின் உறுமல். துண்டு ஜன்னலுக்குள் விழும்போது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாசிலாமணி சிரித்தது யார் என்று இருட்டில் தேடினார்.

"ஆள் வருதா?"

"வருது."

மறுபடி ஒரு சின்னச் சிரிப்பு.

இரண்டாவது பிரயாணி கேட்டபோது சிரிப்பு வரவில்லை. கோட்டைச்சாமி மெல்வதை நிறுத்தியிருந்தார். நான்கு நிமிடம் முடியுமுன் முதல் வரிசைக்காரர் முன்னிருந்த கம்பியில் கையை ஊன்றினார். இருட்டில் மற்றவர்களுடைய முகம் சரியாகத் தெரியவில்லை.

இடைவேளை விடவில்லை.

கடைசியில் அந்தக் காட்சி வந்தது. மாசிலாமணி திரும்பவில்லை. பின்னால் டிபன் பாக்ஸின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

ஒருவர் இருமினார்.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

அவர் காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. சலித்துப் போய்விட்டார்களோ என்று தோன்றியது. தூங்கிவிட்டார்களோ. பெனிட்டாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேருந்துச் சத்தம் தேய்ந்தது. பெயர்கள் ஓடி முடிந்தன. திரை கறுத்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஆபரேட்டர் சுவிட்சுப் பலகையை நோக்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

"விளக்கைப் போடாதப்பா" என்றார் கோட்டைச்சாமி, இருட்டுக்குள்ளிருந்து. "கொஞ்சம் இரு."