நடுவில் வரும் ஆயில்

உடுமலைப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு பிக்கப் வண்டிக்கு மூன்று சொந்தக்காரர்கள். குப்பண்ணன், வெள்ளிங்கிரி, நான். எதைச் செய்தாலும் மூன்று பேரும் சேர்ந்து யோசித்துத்தான் செய்வோம். வெள்ளிங்கிரி வண்டி ஓட்டுவான். வயதில் மூத்த குப்பண்ணன் முடிவெடுப்பார். நான் பத்தாவது வரை படித்தவன், ஆகவே படித்தவன் செய்ய வேண்டிய தப்புகள் என் பங்கு.

டீசல் வண்டி, தக்காளி ஏற்றுவோம். லோடு சரியாக இல்லாமல் வண்டியை விற்றுவிடலாமா என்று இருந்தபோதுதான் சமையல் காண்டிராக்டர் ஆறுச்சாமி கூப்பிட்டார். போன வருஷம் யாருடைய வண்டியோ வழியில் நின்றுபோய், தக்காளி இல்லாத ரசத்தை ஊற்றிப் பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். எஞ்சின் ஆயிலை லேப்புக்கு அனுப்புங்கள், ரத்தப் பரிசோதனை மாதிரித்தான், உள்ளே எது தேய்கிறது என்று தெரிந்துவிடும் என்றார். ரிப்போர்ட் நன்றாக வந்தால் முகூர்த்த சீசன் லோடு முழுக்க எங்களுக்கு.

லேப்புக்கு நானே போன் செய்தேன். எஞ்சின் சூடாக இருக்கும்போது எடுக்க வேண்டும், முதலில் வருவதும் கடைசியில் வருவதும் வேண்டாம், நடுவில் வருவதைப் பாட்டிலில் பிடியுங்கள் என்றார்கள். மனப்பாடம் செய்துகொண்டேன்.

வண்டியைக் குளத்துமேடு வரை ஓட்டிச் சூடாக்கினோம். வெள்ளிங்கிரி அடியில் படுத்து, ஒரு போசிப் பாத்திரத்தை வைத்து, ஆயில் போல்ட்டைக் கழற்றினான். கரேலென்று கொட்டியது. நான் பாட்டிலை நீட்டினேன். குப்பண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. கடைசி எங்கீன்னு தெரியாம நடு எங்கீன்னு எப்படிச் சொல்லுவ?"

நியாயம்தான். கடைசி வரட்டும் என்று காத்திருந்தோம். சொட்டுச் சொட்டாகக் கடைசியும் வந்து சேர்ந்தது. இப்போது நடு எது என்று எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் அது எப்போதோ போசிக்குள் போயிருந்தது.

திரும்ப ஊற்றித் திரும்பப் பிடிக்கலாமா என்று பேசினோம். அப்படிச் செய்தால் முதலில் வந்தது கடைசியில் வருமா என்பதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. போசிக்கு நடுவில் இருப்பதுதான் நடு என்று குப்பண்ணன் தீர்ப்புச் சொன்னார். அதற்குள் எல்லாம் ஆறிவிட்டது. அடுப்பில் வைத்துச் சூடு பண்ணலாம் என்றான் வெள்ளிங்கிரி.

"அடுப்பு சூடா இருக்கோணும்னா சொன்னாங்க?" என்றார் குப்பண்ணன். "எஞ்சின்தானே சூடா இருக்கோணும்."

வெள்ளிங்கிரி ஏறி ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பானெட்டை மூடினால் இன்னும் சீக்கிரம் சூடேறுமே. மூடினேன்.

அப்படியொரு சூடு எங்கள் வண்டிக்கு என்றைக்கும் வந்ததில்லை. எஞ்சின் முனகியது, கத்தியது, ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. சூடு ஆறும் முன்னால் போசியின் நட்டநடுவில் கரண்டியை விட்டுப் பாட்டிலை நிரப்பி, கூரியரில் அனுப்பிவிட்டோம்.

மறுநாள் வண்டி அசையவில்லை. மெக்கானிக் வந்து பார்த்தார்.

"ஆயில் இல்லாம ஓட்டுனீங்களா?"

"ஓட்டலீங்க," என்றேன். "நிறுத்தி வெச்சுத்தான் ஸ்டார்ட் பண்ணுனோம்."

எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது, வேறு எஞ்சின்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார். வெள்ளிங்கிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

இந்த நேரத்தில்தான் ரிப்போர்ட் வந்தது. தேய்மானம் மிகக் குறைவாம். அதிகமாக எப்படி இருக்கும்? எஞ்சின் தேய்ந்தபோது ஆயில் வெளியே போசியில் அல்லவா ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. கடைசி வரியில், இந்த ஆயிலை இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம் என்று இருந்தது.

ஆறுச்சாமிக்குப் படித்துக் காட்டினேன். எஞ்சினைப் பற்றி அவர் கேட்கவில்லை, கேட்காததைச் சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

"ரொம்ப சந்தோசமுங்க. சீசனுக்குள்ள அந்த ஐயாயிரத்தையும் ஓட்டீட்டு இன்னொருக்கா டெஸ்ட் எடுங்க. அதுவும் நல்லா வந்தா லோடு உங்களுக்குத்தான்."

மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்து யோசித்தோம். ஓட வேண்டியது ஆயில். அதற்கு எங்கள் வண்டிதான் வேண்டுமா என்ன? ஆயிலைக் கேனில் ஊற்றி, என்னோடு பழனி பஸ்ஸில் ஏற்றினோம். சாயங்காலம் கேனோடு ஊருக்குத் திரும்பி வந்து இறங்கிய என்னிடம் வெள்ளிங்கிரி ஒரு கேள்வி கேட்டான்.

"போன தூரம் திரும்பி வந்தா கழிஞ்சிராதா?"

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்லவேளை, ஒரு நாளோடு கண்டுபிடித்தோம். திரும்பாமல் ஒரே பக்கமாகப் போவது என்று முடிவாயிற்று. பிற மொழி ஊர்களில் போர்டு படிக்க வேண்டியிருக்கும் என்பதால் படித்தவனான என்னை அனுப்பினார்கள்.

இதை நாக்பூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கேன் மடியில் இருக்கிறது. நாடு முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று போனில் கேட்டேன். அதை அங்கே போய் யோசிக்கலாம் என்றார் குப்பண்ணன். இங்கே ஒரு போர்டும் எனக்குப் படிக்க வரவில்லை. எந்தப் பஸ் வந்தாலும் ஏறிவிடுவேன், அது எங்கள் ஊர்ப் பக்கம் மட்டும் போகாமல் இருந்தால் சரி.