அக்கா மறைத்த வளைவு

ஒரு முகத்தில் இரண்டு கண்கள் அக்காவும் தங்கையுமாக வாழ்ந்து வந்தன. வலக்கண் அக்கா, இடக்கண் தங்கை. அந்த முகம் விருதுநகரில் பருப்பு மில்லில் கல் பொறுக்கும் சீனியம்மாளுடையது. அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே மூக்கு என்று ஒரு சுவர் இருந்ததே தவிர, வேறு பிரிவினை கிடையாது.

வயதாக ஆக, தங்கையின் விழித்திரை நடுவே இருந்த பொட்டுக்குப் பசி எடுத்தது. முகம் பார்ப்பதும் கல் பார்ப்பதும் அந்தப் பொட்டுதான். "கொஞ்சம் ரத்தம் தாங்களேன்" என்று பின்சுவரைப் பார்த்து முனகினாள். பழைய ரத்தக்குழாய்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவர் விரிசல் வழியாக ஓர் இளம் ரத்தக்கொடிதான் எட்டிப் பார்த்தது.

"கூப்பிட்டது நீயா?"

"நான்தான். உள்ளே வா."

கொடிக்கு மனசு நல்லது, தோல்தான் மெல்லிசு. கொண்டுவந்ததைக் கொடுக்கும் முன்பே வழியெல்லாம் சிந்தியது. தங்கையின் தரை ஊறிப் புடைத்தது. ஒருநாள் வாசல் நிலை அவளுக்கு வில்லாக வளைந்து தெரிந்தது.

"அக்கா, நிலை கோணலா இருக்கு."

"எனக்கு நேராத்தான் தெரியுது. நீ வாயைத் திறக்காதே. சீனியம்மா பாவம், பயந்துருவா. ரெண்டு பேருக்கும் சேத்து நான் பாத்துக்கிறேன்."

அக்கா சொன்ன சொல் தவறவில்லை. தங்கை தடுமாறிய இடத்திலெல்லாம் தன் பார்வையைக் கொண்டுபோய் ஒட்டுப் போட்டாள். சீனியம்மாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தங்கைக்கு மட்டும் வளைவு போய் மங்கல் வந்தது, மங்கல் போய் நடுவில் ஒரு கறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

மில்லில் ஒருநாள் உளுந்துத் தூசி அக்காவின் மேல் விழுந்தது. சீனியம்மாள் வலக்கண்ணைக் கசக்கிப் பொத்திக்கொண்டு, எதிரே நின்ற மகளைப் பார்த்தாள். காது இருந்தது, கம்மல் இருந்தது, பூ இருந்தது.

"ஏட்டி செல்வி, மூஞ்சியை எங்க வச்ச?"

"வச்ச எடத்துலதான் இருக்கு. கண்ணைக் கழுவிட்டு வாம்மா."

"இல்லட்டி. நெசமாவே காணோம்."

ஆஸ்பத்திரியில் பச்சை மருந்து கைநரம்பு வழியே ஏறி, ஊரெல்லாம் சுற்றி, கொடியிடம் வந்து ஒட்டிக்கொண்டது. பின்னாலேயே சிவப்பு ஒளி வந்தது.

"வந்த வேலையைப் பாக்காம தூங்குறியே" என்றது ஒளி.

"நீ தொட்டாத்தான் எனக்கு ரோஷம் வரும்" என்றது பச்சை மருந்து. " நான் இல்லாட்டி உனக்கு மட்டும் என்ன சூடா இருக்கு? நீ வெறும் வெளிச்சம்."

கண்ணுக்குள்ளேயே ஊசியாக இறங்கிய தெளிந்த மருந்து இடையில் புகுந்தது. "நீங்க ரெண்டு பேரும் கொடியைக் கருக்கிருவீங்க. பசிச்சவ மறுபடியும் கூப்பிடுவா. அடுத்த கொடி வரும். அவ கூப்பாட்டை அமத்தத்தான் நான்."

கொடி தங்கையைப் பார்த்தது. "கூப்பிட்டவளும் நீ. இப்ப பேசாம இருக்குறவளும் நீ."

ஒளி தொட்டது, மருந்து விழித்தது, கொடி சுருண்டு அடைந்தது. பச்சை மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை வெயில் ஆகாது என்று சீனியம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அந்த இருட்டில் தங்கை கேட்டாள்:

"கசிவு நின்னுருச்சே. இனிமே செல்வி முகம் தெரியுமா?"

மருந்துகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தெளிந்த மருந்துதான் சொன்னது: "கசியுறதை நிறுத்துவோம். காய்ஞ்சு தழும்பாப் போனதை எங்களால எடுக்க முடியாதும்மா. நிலை வளைஞ்ச அன்னைக்கே எங்களைக் கூப்பிட்டிருக்கணும்."

அக்கா அழுதாள். "உனக்காகத்தானேடி மறைச்சேன்."

"தெரியும்க்கா" என்றாள் தங்கை. கறுப்பு நடுவிலேயே இருந்தது.

"ஒவ்வொரு கண்ணா மூடி, தினமும் ஜன்னல் கம்பியைப் பாருங்க. வளைஞ்சு தெரிஞ்சா அன்னைக்கே வாங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சீனியம்மாளும் விடாமல் பார்த்தாள். தினமும் வலக்கண்ணை மூடி, சீக்குப்பட்ட இடக்கண்ணால் மட்டும் பார்த்தாள்.

"இடக்கண்ணையும் மூடி வலக்கண்ணால பாரும்மா" என்றாள் மகள்.

"நல்ல கண்ணைப் போய் எதுக்குட்டி சோதிச்சுக்கிட்டு? வாயை வச்சு ஏதாச்சும் ஆயிரப் போகுது."

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் அக்கா ஜன்னலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய பின்சுவரில் யாரோ சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"என்னக்கா, கம்பி நேராத்தானே இருக்கு?" என்று தங்கை கேட்டாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஓரத்துச் சட்டமும் நடுவில் கறுப்பும்தான்.

ஒட்டுப் போட இனி யாரும் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். வெளியே சீனியம்மாளின் கை ஈர உளுந்தில் கல்லைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது.

"நேராத்தான் இருக்குடி" என்றாள் அக்கா.