சரிசமமாக இரண்டு

"இரண்டில் எதை வைத்துக்கொள்வது, அம்மா?"

வந்ததும் வராததுமாகக் கேட்டார் சீடர் கலியபெருமாள். அவர் கையில் இரண்டு புதிய கைபேசிகள். அன்று மாலைக்குள் ஒன்றைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

ஆசிரமத்துச் சமையற்கட்டில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார் குரு ஞானாம்பிகை. சீடரைவிட வயதில் இளையவர். முறத்தை நகர்த்தி இடம் கொடுத்தார்.

"எதற்காக வாங்கினீர்கள்?"

"யாழ்மொழிக்காகத்தான். அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்."

மகள் சண்டை போட்டுக்கொண்டு நாக்பூருக்கு வேலைக்குப் போனது குருவுக்குத் தெரியும். 'கோபம் தணிந்ததும் நானே கூப்பிடுகிறேன், அப்பா. நீங்கள் கூப்பிடாதீர்கள்' என்று சொல்லிவிட்டுப் போனவள்.

"பேசினாளா?"

"இல்லை. கல்நெஞ்சக்காரி."

"அது கிடக்கட்டும். கருவிகளைச் சொல்லுங்கள்."

சீடரின் முகம் தெளிந்தது.

"இது இணையத்தில் பறக்கிறது, ஆனால் சூடாகிறது. அது கைக்கு அடக்கம். பாட்டுக் கேட்டால் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. ஆனால் இருட்டில் படம் எடுத்தால் எல்லோரும் ஒரே நிறம்."

"பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டீர்கள்."

"சிரிக்காதீர்கள், அம்மா. பேட்டரியில் முடிவு தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அதிலும் இரண்டும் விட்டேனா பார் என்று நிற்கின்றன."

குரு கையைத் துடைத்துக்கொண்டார். தம் பழைய பொத்தான் கைபேசியை எடுத்துச் சீடரின் எண்ணை அழுத்தினார்.

"நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது" என்றது ஒரு பெண்குரல்.

சீடரின் மடியில் இரண்டு திரைகளும் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

"சிம்மைக் கழற்றி வைத்திருக்கிறேன், அம்மா. ஒன்றில் மட்டும் போட்டால் அதன் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமே! மற்றதெல்லாம் வீட்டு வைஃபையில் பார்த்துக்கொண்டேன்."

"பழைய கைபேசி?"

"கடையிலேயே கொடுத்துவிட்டேன்."

"எப்போது கழற்றினீர்கள்?"

"போன வெள்ளிக்கிழமை."

குரு அடுத்த காயை எடுத்தார்.

நார் பாதி உரிவதற்குள் சீடரின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. விபூதிப் பொட்டலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது சிம். கைக்கு வந்த கைபேசியைப் பிடித்துக்கொண்டு, அதன் விளிம்பை நகத்தால் கீறினார். திறக்கவில்லை.

குரு தம் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி நீட்டினார்.

சிம் உள்ளே போனது. கருவி சற்று நேரம் சும்மா இருந்தது.

பிறகு அதிர்ந்தது. மறுபடியும் அதிர்ந்தது. தவறிய அழைப்புகளைச் சொல்லும் குறுஞ்செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாம் யாழ்மொழியின் எண்ணிலிருந்து வந்த அழைப்புகள். கடைசி அழைப்பு அன்று காலையில்.

சீடர் அந்த எண்ணை அழுத்தினார்.

"அப்பா! உங்களுக்கு இன்னுமா கோபம்?"

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது அவரைக்காய் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. கண்களைத் துடைத்துக்கொண்டு பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

"எதில் பேசினீர்கள்?" என்று கேட்டார் குரு. "வேகமானதிலா, கைக்கு அடக்கமானதிலா?"

"கவனிக்கவில்லை, அம்மா."