வராத மழை

மடத்துப் பள்ளிக்கூட வாத்தியார் இடும்பனுக்கு அன்று தலைக்குமேல் கோபம். துணி மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே தன் குருவிடம் வந்து நின்றார். வாசலில் வண்டி பூட்டித் தயாராக இருந்தது.

குரு ஒரு பெண்மணி. வயதில் இவருக்கு இளையவர்தான், ஆனாலும் மடத்தில் எல்லோருக்கும் அம்மையார். புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

“உத்தரவு குடுங்கம்மா. இந்த வேலையே வேண்டாம்.”

“என்ன ஆச்சு?”

“எல்லாம் அந்தப் பேச்சிதான்! எத்தனை நாளாச் சொல்லித் தர்றேன், ‘மழை’ன்னு வாயில வரலை. ‘மளை’ங்குறா. இன்னிக்கு வெளியூர்க்காரங்க முன்னாடி பாடவெச்சேன். ‘மளை, மளை’ன்னு பாடி மானத்தை வாங்கிட்டா. அத்தனை பேரும் சிரிச்சாங்க.”

“நீங்க?”

இடும்பன் தலைகுனிந்தார். “அடிச்சிட்டேன். கன்னம் செவந்துபோச்சு. அப்ப மூடின வாயை அவ இன்னும் திறக்கலை. பாவி நான், பச்சைப்பிள்ளையைப் போய்... நான் இதுக்கு லாயக்கில்லைம்மா.”

“சரி, போங்க. நாளைக்கு அவளுக்கு நான் சொல்லித் தர்றேன். எப்படின்னு மட்டும் காட்டிட்டுப் போங்க.”

“இதென்ன பிரமாதம்? நாக்கை உள்ளே மடக்குங்க. அண்ணத்துல ஒட்டக்கூடாது. மழை.”

“மளை.”

“ஒட்டுது பாருங்க. மழை.”

“மளை.”

வண்டிக்காரர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். இடும்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

“அவசரமே வேண்டாம். மெதுவா. மடக்கின நாக்கை எங்கேயும் படாம அந்தரத்துல நிறுத்தின மாதிரி... ம், சொல்லுங்க.”

“மளை.”

சட்டென்று இடும்பனுக்கு முகம் கறுத்தது.

“போதும்மா விளையாட்டு. எனக்குப் புத்தி சொல்றதுக்காக வேணும்னே தப்பாச் சொல்றீங்க. அதுகூடப் புரியாதா எனக்கு?”

“இல்லை வாத்தியாரே. எனக்கு நிஜமாவே வராது.”

அம்மையார் நெற்றியில் வியர்த்திருந்தது. இடும்பன் விக்கித்துப்போனார். அந்தப் பக்கம் சாதாரணப் பேச்சில் எல்லோருக்கும் ‘ள’தான்; அதனால் அம்மையாருக்கு ‘ழ’ வராதது இத்தனை காலமும் அவர் காதில் படவே இல்லை. பாட்டெல்லாம் அம்மையார் சீடர்களையே பாடச் சொல்வதை அடக்கம் என்றல்லவா நினைத்திருந்தார்!

“உங்களுக்கு... யாரும் சொல்லித் தரலையா?”

“ஒருத்தர் சொல்லித் தந்தார். நல்ல வாத்தியார்தான். அவரும் ஒருநாள் என்னை அடிச்சார். மறுநாள் எப்படியும் சரியாச் சொல்லிக் காட்டணும்னு படுக்கையில கிடந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். விடிஞ்சு ஓடினா, வேலையை விட்டுட்டுப் போயிட்டாராம்.”