துளைக் குழாயும் டிகாக்‌ஷனும்

சமையல் வாயுவைத் திரவமாக அழுத்தி அடைத்து வைக்கும் டேங்குகளை வடிவமைக்கிற கம்பெனி அது. அங்கே தலைமைப் பொறியாளர் வைத்தமாநிதி வைத்ததுதான் சட்டம்.

புதிதாகச் சேர்ந்த தவசியப்பன் ஒரு டேங்க் வரைந்திருந்தான். திரவம் நுழைகிற இடத்தில், வரிசையாகத் துளை போட்ட நீளக் குழாய் ஒன்று இருந்தது. வைத்தமாநிதி சிவப்புப் பென்சிலால் அதை அடித்தார்.

"நுழைய ஒரு வாய் இருக்குல்ல? நேரா உள்ளே கொட்டட்டும். இந்தப் புல்லாங்குழல் எதுக்கு?"

"சார், கணக்குப்படி..."

"கணக்கும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். அது வேணும்னு என் வாயாலேயே சொல்ல வை பார்ப்போம். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"சரி சார். அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு காபி போடட்டுமா?"

அவர் முகம் மலர்ந்தது. ஆபீசிலேயே சொந்தப் பித்தளை ஃபில்டர் வைத்திருக்கிற மனிதர். தவசியப்பன் அவர் கண்ணெதிரே ஃபில்டரில் தூளைப் போட்டான். தூளின் மேல் வைக்கிற துளைத்தட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கொதிநீரை நேராகக் கவிழ்த்தான்.

வைத்தமாநிதி பதறி எழுந்தார். "அட பாவி! தட்டு வைக்காம யாராவது ஊத்துவாங்களா? ஒரே இடத்துல பாய்ஞ்சு, பள்ளம் பறிச்சு, எல்லாத்தையும் கலக்கிடுமே! துளை வழியா விட்டாத்தானே பரவலா, பதமா இறங்கும்!"

ஹாலில் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள்.

தவசியப்பன் வரைபடத்தை அவர் முன்னே விரித்தான். "டேங்குக்கும் அதேதான் சார்."

வைத்தமாநிதி தான் அடித்த சிவப்புப் பென்சில் கோட்டைப் பார்த்தார்.

"ரப்பரைக் குடு," என்றார். "இதை அழிச்சிட்டு, ரெண்டு பேருக்கும் நானே காபி போடறேன்."