இரண்டு மாடி இறக்கித் தந்தவர்

குரு என்றால் தாடி இருந்தே ஆகவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. பெயர் இர்ஃபானா. பல்கலைக்கழகத்தில் தொழில்முறைத் தொடர்பியல் துறையில் உதவிப் பேராசிரியை. சிஷ்யை செண்பகவல்லிக்கு நாற்பத்தைந்து வயது.

குரு சிஷ்யையை அக்கா என்பார். சிஷ்யை குருவை மேடம் என்பாள். இருவருக்கும் அதில் சங்கடம் எதுவும் இல்லை.

செண்பகவல்லிக்குப் பகலில் ஒரு தனியார் மருத்துவமனையின் புகார்ப் பிரிவில் வேலை. நோயாளிகளின் வீட்டார் எழுதும் புகார்களுக்கு அவள் பதில் அனுப்ப வேண்டும். பதில் எல்லோருக்கும் ஒன்றுதான். "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." மேலே பெயரை மட்டும் மாற்ற வேண்டும். பதினெட்டு வருடம் மாற்றி மாற்றி அலுத்துப் போய்த்தான் மாலை வகுப்பில் எம்.ஏ. சேர்ந்தாள். அந்தப் பதில் யாருக்கும் பதிலாகவே இல்லை என்று நூற்றுப் பத்துப் பக்கத்துக்கு ஆய்வேடும் எழுதி முடித்துவிட்டாள்.

அதை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒப்படைத்தாக வேண்டும். வழிகாட்டியின் கையெழுத்து இல்லாவிட்டால் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். மருத்துவமனையில் நோயாளர் தொடர்பு அலுவலர் பதவி காலியாக இருந்தது. முதுகலைப் பட்டம் வேண்டும், வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். இந்த வருடம் நழுவினால் அந்தப் பதவி அவளுக்கு எப்போதும் இல்லை.

புதன்கிழமை மாலை ஆய்வேட்டை மேசைமேல் வைத்தாள்.

"ஒரு சந்தேகம் மேடம்."

"கேளுங்கக்கா."

"வாய்மொழித் தேர்வுல, நாம சொன்னது இன்னொருத்தருக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு எப்படித் தெரியும்னு கேட்டா, என்ன சொல்லட்டும்?"

இர்ஃபானா அதைக் கேட்டுக்கொண்டே ஆய்வேட்டைத் திறந்தார். உள்ளே இருந்த நூற்றுப் பத்துப் பக்கங்களையும் ஏற்கெனவே மூன்று முறை படித்துத் திருத்தியவர் அவர். இதுவரை அவர் பார்க்காத பக்கம் ஒன்றே ஒன்றுதான். முதல் பக்கம், நன்றியுரை.

"இது எப்ப எழுதுனது?"

"நேத்து மேடம்."

நேற்று என்பது உண்மை. எழுதியது என்பதுதான் கொஞ்சம் இடித்தது. வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில், "நன்றியுரை ரெடியா இருக்கு மேடம், பேர மட்டும் மாத்துனாப் போதும்" என்றார் கடைக்காரர். எல்லா பேட்சும் அதைத்தான் வைக்கிறது என்றும் சொன்னார். நூற்றுப் பத்துப் பக்கம் சொந்தமாக எழுதிக் களைத்தவள், சரி என்று தலையாட்டிவிட்டாள்.

இர்ஃபானா சத்தமாக வாசித்தார்.

"இன்ப துன்பங்களில் தோள்கொடுத்த விடுதி நண்பர்களுக்கு நன்றி. எந்த ஹாஸ்டல்ல இருந்தீங்கக்கா?"

செண்பகவல்லிக்கு முகம் சுட்டது. "வீட்டுலேர்ந்துதான் வாரேன் மேடம்."

"கேட்ட நூலைக் கேட்ட நிமிடமே இரண்டு மாடி இறக்கிக் கொண்டுவந்து தந்த நூலக உதவியாளர் திரு. அந்தோணிராஜ் அவர்களுக்கு நன்றி. நம்ம லைப்ரரி தரைத்தளத்துல இருக்கு. எந்த ரெண்டு மாடி?"

செண்பகவல்லி தாளை எட்டிப் பார்த்தாள்.

"அந்தோணிராஜ் யாரு?"

"தெரியாது மேடம்."

"எனக்கும் தெரியாது." இர்ஃபானா அந்தத் தாளை மட்டும் உருவி அவளிடம் நீட்டினார். "இதுல பேர் சொல்லி இருக்கறவங்ககிட்ட எல்லாம் நேர்ல போங்க. வாசிச்சுக் காட்டுங்க. கேட்டேன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. கடைசிக் கையெழுத்து நான் போடறேன்."

"முதல் வரில இறைவன் இருக்காரே மேடம்."

"அவர என் பொறுப்புல விடுங்க."

செண்பகவல்லிக்கு அழுகை முட்டியது. இரண்டு நாள்தான் இருக்கிறது, இந்த நேரத்தில் இப்படி ஒரு விளையாட்டா என்று ஆத்திரமும் வந்தது. ஆனாலும் தாளை வாங்கிக்கொண்டாள்.

துறைத் தலைவர் பக்கத்து அறையிலேயே இருந்தார். அவருடைய சீரிய தலைமைக்கு நன்றி என்று அவள் வாசிக்க ஆரம்பித்தாள். அவர் யாருடனோ கைப்பேசியில் பேசியபடியே பேனாவைத் திறந்து, எங்கே போடணும் என்று கண்ணால் கேட்டார். அவள் காட்டினாள். போட்டுவிட்டுக் கதவைக் காட்டினார்.

அவள் வாசித்ததில் ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. கையெழுத்து மட்டும் நல்ல அழகு.

அந்தோணிராஜை நூலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. வாசல் காவலர்தான் நெற்றியைத் தேய்த்து யோசித்தார். "லைப்ரரி பழைய கட்டடத்துல ரெண்டாவது மாடியில இருந்தப்ப வேலை பாத்தவருல்லா? ஓய்வு பெற்றுப் பதினாலு வருசமாச்சே. பாளையங்கோட்டையில கோயில் தெருவுல இருந்தாரு. இருக்காரோ என்னவோ."

இருந்தார். வியாழக்கிழமை மாலை செண்பகவல்லி வகுப்புக்குப் போகாமல் அந்தத் தெருவைத் தேடிப் போனபோது, எழுபது தாண்டிய ஒரு மனிதர் வாசலில் பனியனோடு நின்று வெண்டைக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் அவசரமாக உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னார். செண்பகவல்லி வாசித்தாள். தன் குரல் ஏன் இவ்வளவு சின்னதாக வருகிறது என்று அவளுக்கே புரியவில்லை.

அந்தோணிராஜ் முழுக்கக் கேட்டார். பிறகு, "நீ எந்தப் புத்தகம்மா கேட்ட?" என்றார்.

அவ்வளவுதான். செண்பகவல்லியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிருங்கய்யா. இது நா எழுதுனது இல்ல. கடையில இருந்துச்சு. பேர மட்டும் மாத்துனேன். நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியைத் தானே படித்தார். உதடு அசைந்தது.

"எந்தக் கடைக்காரனும் ரெண்டு மாடின்னு எழுத மாட்டாம்மா."

"அய்யா?"

"காலுல கம்பி போட்ட பையன் ஒருத்தன் படிச்சான். சுடலைமணின்னு பேரு. அவனால படி ஏற முடியாது. கீழ நின்னுக்கிட்டுக் கூப்பிடுவான், நா எறக்கிக் கொண்டுட்டு வந்து குடுப்பேன். வேண்டாம்னா மறுபடி மேல கொண்டு போவேன். என் வேலை இல்லதான். லைப்ரரிப் பெரியவரு ரெண்டு தடவ ஏசிட்டாரு. படிச்சு முடிச்சவன், போறேன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டான். எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. சின்னப் பையன், மறந்திருப்பான்னு விட்டுட்டேன்."

அவர் உள்பக்கம் திரும்பினார். "ஏளா, இங்க வா. அந்தச் சுடலைமணி எழுதிட்டுத்தான் போயிருக்கான்."

அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மனைவிக்கு இன்னொரு முறை வாசித்தார். இந்தமுறை சத்தமாக, திரு. என்பதையும் அவர்கள் என்பதையும் விடாமல்.

"பாத்தீங்களா, சும்மா அந்தப் பிள்ளையக் கரிச்சுக் கொட்டுனீங்க" என்றார் அந்த அம்மா. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

செண்பகவல்லிக்குக் காபி வந்தது. குடித்து முடித்ததும் கையெழுத்து கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அந்தோணிராஜ் கேட்டுவிட்டார்.

"இத நா வச்சுக்கிடலாமாம்மா?"

நாளை ஐந்து மணிக்கு மேடம் கேட்பார். தாள் இல்லை என்றால் கையெழுத்தும் இல்லை. கையெழுத்து இல்லை என்றால் பதவியும் இல்லை. இதெல்லாம் அவள் மனதில் ஓடாமல் இல்லை. ஓடி முடிந்த பிறகு, "வச்சுக்கிடுங்கய்யா. உங்களுக்கு வந்ததுதான" என்றாள்.

இன்னொரு தாள் அச்சடித்து எடுத்துவந்து கையெழுத்து வாங்கலாமே என்று யாராவது கேட்கலாம். வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவளும் அதை நினைத்தாள். நினைத்ததுமே கூசிப் போனாள். அந்த வரியை இனிமேல் தன் வரி என்று யாரிடமும் அவளால் நீட்ட முடியாது. விடியற்காலையில் எழுந்து வெள்ளைத் தாளில் தானே நான்கு வரி எழுதினாள். நான்கு வரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

காலையில் கடைக்காரர் அதைத் தட்டச்சு செய்தார். செய்யும்போதே, "நல்லாருக்கு மேடம். சேவ் பண்ணிக்கவா? அடுத்த பேட்சுக்கு ஆகும்" என்றார்.

"இதுல இருக்கற பேர என்ன செய்வீங்க?"

"அதத்தான மாத்தணும்."

"வேண்டாம்ணே. என் கண் முன்னாலயே அழிச்சிருங்க."

மருத்துவமனையில் மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்து மேசை உலகம்மாள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். செண்பகவல்லி தாளை எடுத்து எதிரே உட்கார்ந்து வாசித்தாள்.

"மாலை நாலரை மணிக்கு நான் எழுந்து போன நாற்காலியில் இரண்டு வருடம் உட்கார்ந்தவர் உலகம்மாள். என்னைத் தேடி வந்த ஏச்சையெல்லாம் அவர் வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் நான் வகுப்பில் இருந்தேன். இந்த ஆய்வேட்டில் நல்லது ஏதாவது இருந்தால், அது அவர் கொடுத்த நேரத்தில் படித்தது."

உலகம்மாளின் கை சோற்றிலேயே நின்றது.

"ஏட்டி, இத எவ எழுதுனா?"

"நாந்தாங்க்கா."

"நா என்ன உனக்காவா செஞ்சேன்? சீக்கிரம் வீட்டுக்குப் போனா மருமககூடச் சண்ட வரும்னு இங்கயே கெடந்தேன்."

"எதுக்குக் கெடந்தீங்களோ, நா படிச்சேம்லா."

உலகம்மாள் இடது கையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. "ஒரு கெழவன் செருப்பக் கழட்டிட்டான்டி ஒருநா" என்று சொல்லிச் சிரித்தாள். "உங்கிட்டச் சொல்லல. சொன்னா நீ நின்னுருவ." பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவி, முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள். மூன்றரை மணிக்கே செண்பகவல்லியை எழுப்பி விரட்டிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் கொண்டாள்.

நாலேகாலுக்கு இர்ஃபானாவின் அறை.

"பழைய தாள் எங்கக்கா?"

"அந்தோணிராஜ் அய்யாகிட்டக் குடுத்துட்டேன் மேடம். வச்சுக்கிடட்டுமான்னு கேட்டாரு." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கம்பி போட்ட கால், ஏசிய பெரியவர், மனைவியைக் கூப்பிட்டு வாசித்தது. "நீங்க சொன்னத நா முடிக்கல. இதுதான் இருக்கு."

புதிய தாளை நீட்டினாள். 

இர்ஃபானா படித்தார். திரும்பவும் படித்தார்.

"இதுல என் பேர் இல்லையே."

"எழுதி, அப்புறம் வாசிச்சுக் காட்டுறதுக்குப் பதிலா நேராச் சொல்லிரலாம்னு நெனச்சேன் மேடம். முதல் செமஸ்டர்ல, எனக்கு இது வராது, நின்னுக்கிடுதேன்னு வந்தேன். நீங்க புத்திமதி சொல்லல. ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு, சரி, முதல் பாடத்துலேர்ந்து வருவோம்னு புத்தகத்தத் திறந்தீங்க. எங்க வீட்டுல, ஆபீஸ்ல, யாரும் எனக்காக எதையும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சது இல்ல. ரொம்ப நன்றி மேடம்."

இர்ஃபானா குனிந்து கையெழுத்துப் போட்டார். நிமிரக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஓடுங்கக்கா. அஞ்சு மணிக்குப் பூட்டிருவாங்க."

ஓடினாள். அலுவலகத்தில் முத்திரை குத்தி ரசீது கொடுத்தபோது மணி நாலு ஐம்பது. ரசீதை இரண்டாக மடித்த பிறகுதான் கைப்பையை மேடம் அறையிலேயே விட்டுவிட்டது தெரிந்தது.

திரும்பி வந்தாள். இர்ஃபானா அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்த ஒரு பழைய கறுப்பு அட்டை ஆய்வேட்டை மேசைமேல் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பதினோரு வருடத்துக்கு முன் அவரே எழுதியது. முதல் பக்கம்.

செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். விடுதி நண்பர்கள் இருந்தார்கள். இரண்டு மாடி இருந்தது. திரு. அந்தோணிராஜ் இருந்தார். கீழே, மு. இர்ஃபானா என்று பெயர் மட்டும் மாறியிருந்தது.



இர்ஃபானா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மேசையைப் பூட்டினார்.

"அவர் வீட்டுக்கு எந்த பஸ்ஸுல போகணும்க்கா?"